எண்ணெய் லிட்டரிலா, கிலோவிலா?

(ஸ்ரீரங்கத்தில் விவசாயிகளிடையே ஆற்றிய உரை)



நெல் அறுவடைக்குப் பின் எள் விதைக்கிறீர்கள். துறையூர், மணப்பாறைப் பக்கத்தில் நிலக்கடலை பயிரிடுகிறீர்கள். வித்தைச் செக்குக்கு எடுத்துச் செல்லும்போது தராசில் நிறுத்துக் கொடுக்கிறீர்கள். எண்ணெயைத் திரும்பப் பெறும்போதோ லிட்டர்ப் படியில் அளந்து வாங்கி வருகிறீர்கள். கொடுப்பது கிலோ, வாங்குவது லிட்டர். நட்டம் நுழைவது இந்த இடத்தில்தான்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ ஒரு கிலோ எடை இருக்கும். எண்ணெய் தண்ணீரில் மிதக்கிறது அல்லவா? அது தண்ணீரைவிட இலேசானது என்பதே காரணம். நம் ஊர் வெப்பநிலையில் ஒரு லிட்டர் கடலெண்ணெய் சுமார் 910 கிராம், நல்லெண்ணெய் சுமார் 915 கிராம், விளக்கெண்ணெய் சுமார் 955 கிராம் எடை இருக்கும்.

கணக்கு எளிது. லிட்டரைக் கிலோவாக்க, நல்லெண்ணெய்க்கு 0.915ஆல் பெருக்க வேண்டும். கிலோவை லிட்டராக்க, அதே எண்ணால் வகுக்க வேண்டும்.

உங்கள் எள்ளில் 40 கிலோ எண்ணெய் இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். அது 43.7 லிட்டர் வரவேண்டும். “நாற்பது” என்று சொல்லி 40 லிட்டர் அளந்து கொடுத்தால், உங்கள் கைக்கு வருவது 36.6 கிலோதான். 3.4 கிலோ குறைகிறது. கிலோ 300 ரூபாய் என்று கொண்டால் 1,020 ரூபாய் போயிற்று!

வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும். ஒரு கடையில் நல்லெண்ணெய் கிலோ 300 ரூபாய், அடுத்த கடையில் லிட்டர் 285 ரூபாய் என்றால் எது மலிவு? லிட்டர் விலையை 0.915ஆல் வகுத்துப் பாருங்கள். கிலோ 311 ரூபாய்க்கு மேல் ஆகிறது. முதல் கடையே மலிவு. கடலெண்ணெய் டின்னிலும் அப்படியே. 15 கிலோ டின்னில் சுமார் 16½ லிட்டர் இருக்கும். 15 லிட்டர் டின்னிலோ 13.65 கிலோதான் இருக்கும்.

எண்ணெய் சூட்டில் விரியும் என்பதையும் மறக்கலாகாது. ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரி செல்சியசில் 919.1 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம். இதைக் காட்டித்தான் மத்திய நுகர்வோர் துறை 2022இல், பொட்டலத்தின் மேல் வெப்பநிலையைக் குறிக்காமல் கொள்ளளவையும், அத்துடன் எடையையும் அச்சிடும்படி எண்ணெய் உற்பத்தியாளர்களைக் கேட்டுக்கொண்டது. எடை மட்டும் சூட்டினால் மாறுவதில்லை. ஆகவே செக்கிலிருந்து சூடாக இறங்கிய எண்ணெயைப் படியால் அளக்காதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. எண்ணெய் தெளிந்து, மண்டி அடியில் தங்கிய பின் நிறுங்கள்.
2. வெற்று டின்னின் எடையை முதலில் பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள்.
3. பிண்ணாக்கையும் நிறுத்தே வாங்குங்கள்.
4. தராசிலும் படியிலும் அரசு முத்திரை உள்ளதா என்று பாருங்கள். குறை இருந்தால் தொழிலாளர் துறையிடம் முறையிடலாம்.
5. விலை பேசும்போதே கிலோவா, லிட்டரா என்று கேட்டுத் தெளிவு செய்துகொள்ளுங்கள்.

விதைத்து, களையெடுத்து, காத்து வளர்த்த பயிர் அது. அதன் பலன் கடைசி அளவையில் கைநழுவ விடலாமா? அடுத்த முறை செக்குக்குப் போகும்போது தராசையே நம்புங்கள்.