நாய் ஏன் கடிக்கிறது?

நாய் நன்றியுள்ள பிராணி என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பில் சொல்லிக் கொடுத்தவன் நான். அதே வாயால், 'நாயே' என்று பையன்களை வைததும் உண்டு. நாயைப் பற்றி உண்மையில் எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை ஒரு மாணவனால் அறிந்துகொண்டேன்.

1998ஆம் ஆண்டு. எங்கள் பள்ளியின் விறகுக் கொட்டகையில் ஒரு தெருநாய் குட்டி போட்டிருந்தது. அங்கே போகிறவனுக்குப் பிரம்படி என்று காலை வழிபாட்டில் அறிவித்தேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் போய்க் குட்டி ஒன்றைத் தூக்கினான். தாய் அவன் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. அடிக்கு அஞ்சி, காயத்தில் சுண்ணாம்பைத் தடவிக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் வகுப்பில் உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள் அவன் நொண்டுவதைக் கண்டு நான் கேட்ட பிறகே உண்மை வெளிவந்தது.

அந்தத் தாய்நாய் வெறிகொண்டதன்று. அச்சம், வலி, குட்டியையும் உணவையும் காக்கும் எண்ணம், உறக்கத்தில் திடுக்கிடல் ஆகியவையே பெரும்பாலான கடிகளுக்குக் காரணம். கடிப்பதற்கு முன் நாய் பலவற்றைச் சொல்லிவிடுகிறது. உடல் விறைத்து நிற்கும், காதைப் பின்னுக்குச் சாய்க்கும், வாலை இடுக்கும், உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணின் வெண்மை தெரிய நம்மைப் பார்க்கும். அதன் பிறகே உறுமும். வாலாட்டும் நாய் கடிக்காது என்பதையும் நம்பிவிடாதீர்கள். வாலை விறைப்பாக உயர்த்தி ஆட்டினால் அது நட்பின் அடையாளமன்று. உறுமியதற்காக நாயை அடிப்பவர்கள் உண்டு. அடிபட்ட நாய் உறுமலை விட்டுவிடும், அச்சத்தை விடாது. மறுமுறை ஓசையின்றிக் கடிக்கும்.

நாய் எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள். ஓடுவதைத் துரத்துவது அதன் இயல்பு. கைகளை உடலோடு ஒட்டி வைத்து அசையாமல் நில்லுங்கள். அதன் கண்ணை உற்று நோக்க வேண்டா. அது தணிந்ததும் மெல்லப் பின்வாங்குங்கள். சைக்கிளில் சென்றால் இறங்கி, வண்டியை இடையில் நிறுத்திக்கொள்ளலாம். கீழே விழுந்துவிட்டால் உடலைச் சுருட்டிக்கொண்டு கழுத்தையும் காதுகளையும் கைகளால் மூடிக்கொள்ளுங்கள்.

கடித்துவிட்டால்? கடித்தது வீட்டு நாயாயினும் குட்டியாயினும், சிறு கீறலாயினும், ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். வெறிநோய்க் கிருமியின் மேலுறை கொழுப்பாலானது. சோப்பு அதைக் கரைத்து அழிக்கிறது. சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள் எதுவும் கூடாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கிருமி நரம்பின் வழியே மூளையை நோக்கி மெல்ல ஏறுகிறது. பெரும்பாலும் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் தவணை. தண்ணீரைக் கண்டு அஞ்சும் நிலை வந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. நாள் கடந்துவிட்டதே என்று தயங்கியும் இருந்துவிடாதீர்கள். கடந்த பிறகும் ஊசி போட்டாக வேண்டும்.

அந்தத் தவணையைப் பயன்படுத்தலாம் எனக் காட்டியவர் பிரான்ஸ் நாட்டு லூயி பாஸ்டர். 1885 ஜூலை 6ஆம் நாள், ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு அவருடைய தடுப்பு மருந்து செலுத்தப்பட்டது, சிறுவன் பிழைத்தான். நம் குன்னூரில் 1907இல் தொடங்கிய நிலையம் அவர் பெயரையே தாங்கியது. இப்போது சில நாள் இடைவெளி விட்டு நான்கைந்து முறை கையில் போடுகிறார்கள். இரத்தம் கசிந்த காயமானால், காயத்தைச் சுற்றியும் தனி மருந்து ஒன்றைச் செலுத்துகிறார்கள்.

எங்கள் பையனுக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. அன்றிருந்த பழைய மருந்தை வயிற்றில் நாள்தோறும் போட்டார்கள். அவனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனவன் நான். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, பின்னாலிருந்து, "அன்னைக்கே சொல்லியிருந்தா அடிச்சிருப்பீங்களா, சார்?" என்று கேட்டான். சிறிது தூரம் மிதித்த பிறகு, "அடித்திருப்பேன்" என்றேன்.