சிறு டிராக்டருக்கு ஏற்ற தோண்டு கை
(வாசுதேவநல்லூரில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள இவ்வூரில் மண் வேலைக்கு என்றும் குறைவில்லை. மலையோரத்தில் சரளையும் உருண்டைக் கல்லும் உள்ளன. கிழக்கே சங்கரன்கோவிலை நோக்கிச் செல்லச் செல்லக் கரிசல் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் குளத்து வரத்துக்கால்களைத் தூர்வார வேண்டும். எலுமிச்சைக்கும் தென்னைக்கும் குழி எடுக்க வேண்டும். கரும்புக்குச் சொட்டுநீர்க் குழாய் பதிக்க வேண்டும். இவற்றிற்கெல்லாம் தக்க காலத்தில் ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. ஆகையால், கேபின் வைத்த சிறு டிராக்டர் ஒன்றைக் கூட்டாக வாங்கியுள்ள உழவர் சிலர், அதன் பின்னால் தோண்டு கை ஒன்றை மாட்டலாமா, மாட்டினால் எத்தகையதைத் தேர்ந்தெடுப்பது என்று என்னைக் கேட்டனர். அந்த வினாவிற்கு விடை கூறுவதே இன்றைய என் பேச்சின் நோக்கம்.

இக்கருவி டிராக்டரிலிருந்து பிறந்ததே. 1947-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் போர்டு டிராக்டரின் பின்புறம் ஹைட்ராலிக் தோண்டு கையை மாட்டினார்கள். 1953-இல் இங்கிலாந்தில் ஜோசப் சிரில் பாம்போர்டு என்பவரின் தொழிற்சாலையும் டிராக்டரில் இத்தகைய கையை அமைத்தது. அவர் பெயரின் முதல் எழுத்துக்களே, இன்று நம் ஊர்களில் எல்லாத் தோண்டு இயந்திரங்களுக்கும் பொதுப் பெயராகிவிட்ட ‘ஜே.சி.பி.’ என்பது.

ஆனால் ஒன்றை மறத்தல் ஆகாது. தெருவில் நாம் காணும் ஜே.சி.பி. ஏறக்குறைய 7 அல்லது 8 டன் எடையுள்ளது. 25 குதிரைத்திறன் கொண்ட சிறு டிராக்டரோ 1 டன் முன்பின் எடையுள்ளது. அதன் வேலையை இதனிடம் எதிர்பார்ப்பது, காளை இழுக்கும் பாரத்தைக் கன்றின் கழுத்தில் ஏற்றுவதற்கு ஒப்பாகும். எத்தனை அடி தோண்டும் என்று கேட்பதற்கு முன், நம் டிராக்டர் எதைத் தாங்கும் என்று கேட்க வேண்டும்.

முதலாவது, கையை மாட்டும் முறை. கலப்பையை மாட்டும் மும்முனை இணைப்பிலேயே மாட்டத்தக்க கைகள் விலை குறைந்தவை. எனினும், அந்த இணைப்பு கருவியைத் தூக்குவதற்கு அமைந்ததேயன்றி, கீழே அழுத்திப் பிடிப்பதற்கு அமைந்ததன்று. பக்கெட் பாறையில் சிக்கினால் கை முழுவதும் மேலெழும்பி, அதன் இருக்கையில் அமர்ந்திருப்பவரைக் கேபினோடு சேர்த்து நசுக்கிவிடக் கூடும். ஒரு வரத்துக்காலில் அவ்வாறு நிகழ்ந்ததை நானே கண்டேன். ஓட்டுநர் குதித்துத் தப்பினார், பின்கண்ணாடி நொறுங்கிற்று, டிராக்டரின் பின் உறை விரிந்துவிட்டது. அந்தப் பருவம் முழுவதும் டிராக்டர் பட்டறையில் கிடந்தது. ஆதலால், டிராக்டரின் அடியில் நீளவாட்டில் சென்று முன்புறம் வரை பாரத்தைப் பகிரும் தனி இரும்புச் சட்டத்தோடு கூடிய கையையே தேர்ந்தெடுங்கள். உங்கள் டிராக்டருக்கு அந்தக் கை ஏற்றது என்று, டிராக்டர் செய்த நிறுவனத்தின் எழுத்துச் சான்றையும் பெறுங்கள்.

இரண்டாவது, கேபின். கேபினில் வெயிலும் தூசியும் படாமல் அமரலாம் என்பது உண்மை. ஆனால் தோண்டுபவர் அமர்வது கேபினுக்கு வெளியே, கையோடு உள்ள இருக்கையில்தான். கேபினின் பின்கண்ணாடி திறக்கும்பொழுது மடித்து வைத்த கையில் இடிக்குமா, தோண்டுபவரின் முதுகும் தலையும் கேபினில் முட்டாமல் இடமுண்டா என்று, பணம் கொடுக்குமுன் மாட்டிப் பாருங்கள். டிராக்டரை ஓரடி நகர்த்தவும் அவர் இறங்கிச் சுற்றி வந்து ஏற வேண்டும். இந்தச் சிரமத்திற்காகத் தரையில் நின்றோ, பின்கண்ணாடி வழியே கையை நீட்டியோ லிவர்களை இயக்குதல் உயிருக்கு ஆபத்தாகும். கேபின் தூண்களில் துளையிடவோ வெல்டிங் வைக்கவோ ஒருபோதும் இடம் தராதீர்கள்; வண்டி கவிழ்ந்தால் உயிர் காப்பவை அத்தூண்களே.

மூன்றாவது, எண்ணெய் ஓட்டம். நிமிடத்திற்கு 40 லிட்டர் எண்ணெய் வேண்டும் கையை 20 லிட்டர் தரும் பம்போடு இணைத்தால், அது பாதி வேகத்திலேயே நகரும். டிராக்டரின் பம்பு போதாதெனில், பி.டி.ஓ. தண்டில் ஓடும் தனிப் பம்பும் தனி எண்ணெய்த் தொட்டியும் உள்ள கையை வாங்கலாம். அப்பொழுது கையில் சேரும் மண்ணும் துகளும் டிராக்டரின் கியர் எண்ணெயில் கலவா.

நான்காவது, எடை. பின்னால் 300 கிலோ தொங்கினால் முன்சக்கரம் இலேசாகி, வரப்பு ஏறுகையில் தூக்கும். கையை மாட்டிய பின் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரங்களில் இருத்தல் வேண்டும். மொத்தம் 1,500 கிலோ எனில் முன்னால் 300 கிலோ. எடைமேடையில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றினால் இது விளங்கிவிடும். குறைந்தால் முன்புறம் எடைக்கட்டிகளை மாட்டுங்கள்.

ஐந்தாவது, ஆழம். எலுமிச்சைக் குழிக்கு இரண்டரை அடியும், தென்னைக்கு 3 அடியும், தோட்டத்துக் குழாய்க்கு 2 முதல் 3 அடியும் போதும். ஆகவே 6 அடி தோண்டும் சிறு கையே நம் தேவைக்கு மிகுதி. 8 அடி எட்டும் கைக்கு ஆசைப்பட்டால் எடையும் விலையும் ஏறுமேயன்றிப் பயன் ஏறாது. பக்கெட் 12 அங்குல அகலம் இருப்பது நலம். அகன்ற பக்கெட் சரளையில் திணறும், ஈரக் கரிசலில் அப்பிக்கொள்ளும். கிணற்றுப் பாறை இதன் வேலையன்று.

இனி, வாங்குவதா வாடகைக்கு எடுப்பதா என்பது. கையின் விலை 3 லட்சம் ரூபாய் என்றும், 10 ஆண்டு உழைக்குமென்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்குத் தேய்மானம் 30,000. வட்டிக்கும் பழுதிற்கும் இன்னொரு 30,000. ஆண்டில் 60 மணி நேரமே வேலை இருந்தால், டீசலும் ஆள் கூலியும் நீங்கலாக மணிக்கு 1,000 ரூபாய் ஆகிறது. 200 மணி நேரம் இருந்தால் 300 ரூபாய்தான். வேளாண்மைப் பொறியியல் துறை மண் தோண்டும் இயந்திரங்களை மணிக்கணக்கில் வாடகைக்குத் தருகிறது. உழவன் செயலி வழியே பதியலாம். இரண்டையும் ஒப்பிட்டு, உங்கள் உறுப்பினர்களின் வேலை நேரத்தை ஏட்டில் எழுதிக் கூட்டிப் பார்த்த பின்னரே முடிவு செய்யுங்கள்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு சொல். குளத்து மண் எடுக்க, 1959-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின்படி முன் அனுமதி வேண்டும். உழைப்பாளர்க்குக் கூலி தருவதற்கென்றே வரும் நிதியில் நடக்கும் வேலையில் இயந்திரத்தை இறக்குதல் முறையன்று. தோண்டுமுன் குடிநீர்க் குழாயும் மின்கம்பியும் செல்லும் வழியை அறிந்து குறியிடச் செய்யுங்கள். 5 அடிக்கு மேற்பட்ட பள்ளத்தில், பக்கங்களைச் சரிவாக வெட்டாமலோ முட்டுக் கொடுக்காமலோ எவரையும் இறங்க விடாதீர்கள்.

நண்பர்களே! கூட்டாகச் சேர்த்த பணம் ஒவ்வொரு காசும் வியர்வையால் வந்தது. அதனினும் பெரியது, அந்த இருக்கையில் அமரப்போகும் நம் வீட்டுப் பிள்ளையின் உயிர். விலை குறைந்த கையை வாங்கி விலைமதிப்பற்றதை இழக்க வேண்டாம். டிராக்டர் தாங்கும் கையையே வாங்குங்கள்; அதற்கு இப்பொழுது வசதியில்லையெனில், வாடகைக்கு எடுத்து வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.