அணையா விளக்கும் பராமரிப்பு நிதியும்

(மகாவீரர் ஜயந்தி விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘பள்ளி’ என்னும் சொல் முதலில் படுக்கையைக் குறித்தது. பின்னர் முனிவர் தங்கிய உறைவிடத்தைக் குறித்தது. அவர்கள் அங்கே கல்வி புகட்டியமையால் இறுதியில் கல்விச்சாலைக்கே பெயராயிற்று. தங்குமிடமும் கற்குமிடமும் ஒன்றாயிருந்த காலத்தை அச்சொல் இன்றும் நினைவூட்டுகின்றது.

அத்தகைய பள்ளிகளுள் ஒன்று அருப்புக்கோட்டைப் பக்கத்துக் குறண்டியில் விளங்கியது. வெண்புநாட்டுக் குறண்டித் திருக்காட்டாம்பள்ளி என்று அது வழங்கப்பட்டது. கரிசல் மண்ணும் கண்மாய் நீருமே வாழ்வாதாரமான வறண்ட நாட்டில், காட்டின் பெயரையே தாங்கி நின்ற கல்விநிலையம் அது. மதுரைச் சமணர்மலைக் கல்வெட்டொன்று குறண்டி அட்டோபவாசி படாரரையும், அவர் மாணாக்கர் குணசேனதேவரையும், அவர்தம் மாணாக்கர் கனகவீரப் பெரியடிகளையும் வரிசையாகக் குறிக்கின்றது. கழுகுமலையிலும் குறண்டியாரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு சிற்றூர்ப் பள்ளியின் மாணவர் பரம்பரை பாண்டிநாடு முழுதும் பரவியிருந்தது என்பதற்கு இவை சான்று.

அப்பள்ளியை வாழவைத்தது எது? புலமை மட்டுமன்று, நாள்தோறும் தேவைப்பட்ட சிறு செலவுகளுக்குக் குறைவிலாது கிடைத்த பொருளுமாகும். அக்காலக் கொடையாளர் கட்டடம் எழுப்பியதோடு நின்றுவிடவில்லை. விளக்கெரிக்கவும் உணவளிக்கவும் பழுது பார்க்கவும் தனித்தனியே நிவந்தம் வைத்தனர். சமணப் பள்ளிக்கு இறையிலியாக விடப்பட்ட நிலம் பள்ளிச்சந்தம் எனப்பட்டது. விளக்குக்கு விடப்பட்ட ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றனர். ஆடு சாகாதா, மூப்படையாதா? சாகும்; மூப்படையும். ஆயினும் பிறக்கும் குட்டிகளால் அந்த எண்ணிக்கையை இட்டு நிரப்பிவிட வேண்டும். முதல் குறையலாகாது; விளைவு மட்டுமே செலவாக வேண்டும். நிதியியல் நூல்கள் இன்று கூறும் நெறியை ஆட்டு மந்தையைக் கொண்டே முன்னோர் விளக்கிவிட்டனர்.

இக்காலத்திற்கு வருவோம். மாணவரை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் சென்று சாரணர் முகாம், நாட்டு நலப்பணித் திட்ட முகாம், இயற்கை முகாம் என நடத்துவது நற்கல்வியின் கூறு. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் அதற்கு வேண்டிய திறந்தவெளிக்குக் குறைவில்லை. குறைவது பராமரிப்பே. ஒருவர் கொட்டகை அமைத்துத் தருவார். இன்னொருவர் கழிப்பறை கட்டித் தந்து பெயர்ப்பலகை வைப்பார். ஈராண்டு சென்றபின் நீர்த்தொட்டியைத் தூய்மை செய்யவும், குழாயை மாற்றவும், அடுத்த மழையில் மீண்டும் முளைத்துவிடும் சீமைக்கருவேலத்தை அகற்றவும் யாரிடம் பணம் இருக்கின்றது? குழாய் வாஷருக்குப் பெயர்ப்பலகை வைப்பாரில்லை. ஆனால் அந்த வாஷர் இன்றித் தொட்டி வறண்டால், கோடை வெயிலில் நாவறண்டு நிற்பவர் குழந்தைகளே.

அரசு உதவாமல் இல்லை. ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தின்கீழ் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டு மானியம் உண்டு. திட்ட நெறிமுறைப்படி 101 முதல் 250 மாணவர் வரை பயிலும் பள்ளிக்கு 50,000 ரூபாய். இதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குரியது. கட்டடப் பழுது, கழிப்பறை, கருவிகள், கற்பித்தல் பொருள்கள் அனைத்தும் இத்தொகைக்குள் அடங்க வேண்டும். மாதத்திற்குப் பகிர்ந்தால் ஏறத்தாழ 4,200 ரூபாய். முகாம் திடலின் முறை வருமுன் பணம் தீர்ந்துவிடும்.

இவ்விடைவெளியே அறக்கட்டளைகளுக்கு உரிய இடம். பத்து இலட்சம் ரூபாயை வைப்புநிதியாக இட்டு, ஆண்டுக்கு ஆறு விழுக்காடு வட்டி கிடைப்பதாகக் கொண்டால் 60,000 ரூபாய் வரும். அதில் 15,000 ரூபாயை முதலோடு சேர்த்துவிட்டு 45,000 ரூபாயைப் பராமரிப்புக்கு அளிக்கலாம். விலைவாசி ஏறப் பணத்தின் மதிப்பு தேய்கின்றது. அந்த 15,000 ரூபாயே இக்காலத்து ஆட்டுக்குட்டி.

சமண நெறி கூறும் நால்வகைத் தானங்கள் உணவு, மருந்து, அபயம், சாத்திரம் என்பன. நன்கு பேணப்படும் முகாமில் உணவும், முதலுதவி மருந்தும், பாம்புக்கும் பழுதடைந்த கூரைக்கும் அஞ்சாத பாதுகாப்பும், கல்வியும் ஒருங்கே கிடைக்கின்றன. நான்கு தானங்களும் ஓரிடத்தில் கைகூடும் வாய்ப்பு அரிது.

எனினும் ஓர் எச்சரிக்கையும் உண்டு. சந்திர சூரியர் உள்ளவரை நிற்க வேண்டுமென்றே நிவந்தங்கள் எழுதப்பட்டன. ஆயினும் திருக்காட்டாம்பள்ளி இன்று இல்லை. அதன் கொடைச் செய்திகளைத் தாங்கிய கற்கள் திருச்சுழிக்கு அருகே பள்ளிமடம் காளைநாதர் கோயிலில் உள்ளன. சைவக் கோயிலொன்று சமணப் பள்ளியின் கணக்கைக் காத்துத் தந்திருக்கின்றது. அதற்கு நன்றி உரியது. ஆனால் கல் நிலைத்தும் பள்ளி நிலைக்கவில்லை. கண்காணிக்கும் மக்கள் இல்லாதபோது எழுத்து மட்டும் அறத்தைக் காப்பதில்லை.

ஆதலால் நிதி வைப்போர் ஆளையும் வைக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவினர் ஒருவரும் அறக்கட்டளையினர் ஒருவரும் ஆண்டுக்கு இருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் கோடைக்கு முன்னும், திடலை நேரில் பார்த்துக் கணக்கை ஊரறியப் படிக்க வேண்டும். புதிய கட்டடத்திற்கு நூறு ரூபாய் அளிப்பவர், அதைப் பேணப் பத்து ரூபாயேனும் ஒதுக்க வேண்டும்.

விளக்கை ஏற்றுவது ஒருநாள் மகிழ்ச்சி. எண்ணெய் வார்ப்பதே அறம்.

வாழ்க அகிம்சை! வளர்க கல்வி!