பிராங்க்பர்ட் நகரின் கீரை உணவு

ஜெர்மனிக்குச் செல்லும் மரக்கறி உணவினர், ரொட்டியும் பழமுமே கதியென அஞ்சுவதுண்டு. மெயின் நதிக்கரையிலுள்ள பிராங்க்பர்ட் நகரில் அவ்வச்சம் வேண்டுவதில்லை. அந்நகரின் தனிச்சிறப்பான உணவே கீரைதான். ‘குரூனே சோஸே’, அதாவது பச்சைக் குழம்பு, என்பது அதன் பெயர். ஏழு வகைத் தழைகளை வேகவைக்காமல் பொடியாக நறுக்கி, புளித்த பாலேட்டில் கலந்து, அவித்த உருளைக்கிழங்கோடும் முட்டையோடும் பரிமாறுவர். சிலர் முட்டையைக் குழம்பிலேயே கலந்துவிடுவர். ஆதலின், வேண்டாதார் முன்னரே கேட்டறிதல் நன்று.

நகரின் நடுவே, 1954-இல் கட்டப்பெற்ற கிளைன்மார்க்ட்ஹாலே அங்காடியில் இந்த ஏழு தழைகளையும் ஒரே கட்டாகக் காகிதத்தில் சுற்றி விற்கின்றனர். சமைத்ததை உண்ண, தென்கரையிலுள்ள சாக்சன்ஹவுசன் பகுதிக்குச் செல்லலாம். ஆப்பிள் மதுவுக்குப் பெயர்பெற்ற அதன் பழைய விடுதிகளில், நீண்ட மேசையில் முன்பின் அறியாதார் அருகமர்ந்து உண்பர். பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இது புதிதன்று: ஓர் ஊரின் உணவை விரும்பிக் கேட்பவரை அவ்வூர் அயலாராகக் கருதுவதில்லை.