காப்புரிமை என்ன கடவுள் வாக்கா?



காப்புரிமை, காப்புரிமை என்று உலகமெங்கும் பேசப்படுகிறதே, அது என்ன? ஒருவன் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால் அதன் முறையை ஒளிக்காமல் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பதிலாக 20 வருஷ காலம் அவன் அனுமதியில்லாமல் வேறு யாரும் அதைச் செய்யாதபடி சர்க்கார் காக்கும். இவ்வளவுதான் சங்கதி. இது மனிதனும் மனிதனும் செய்துகொண்ட ஏற்பாடே ஒழிய, வானத்திலிருந்து விழுந்ததல்ல.

ஆனால் பணக்கார தேசத்தார் இதை வேதவாக்காகப் பேசி, ஏழை நாட்டான் தளர்த்தினால் திருட்டு என்கிறார்கள். அமெரிக்க சர்க்கார் 1989 முதல் வருஷந்தோறும் இதற்கென்று ஒரு ஜாபிதாவே வெளியிட்டு வருகிறது.

நாம் கேட்கிறோம், இவர்கள் வளர்ந்த யோக்கியதை என்ன? அமெரிக்கா 1891 வரையில் அந்நிய நாட்டு ஆசிரியர்களுக்குப் புத்தக உரிமையே கொடுக்கவில்லை. இங்கிலாந்துப் புத்தகங்களைத் தாராளமாக அச்சடித்து விற்றார்கள். ஹாலந்து 1869-ல் காப்புரிமைச் சட்டத்தையே ரத்து செய்துவிட்டு 1912 வரையில் அது இல்லாமலே வாழ்ந்தது. அன்றெல்லாம் இது திருட்டாகத் தோன்றவில்லையே, ஏன்?

நிற்க, நம் நாட்டு விஷயத்துக்கு வருவோம். 1970-ம் வருஷச் சட்டப்படி மருந்தைச் செய்யும் முறைக்குத்தான் உரிமையே தவிர, மருந்துக்கு இல்லை. வேறு முறையில் அதே மருந்தைப் பலரும் செய்தார்கள், விலையும் இறங்கிற்று. 1995-ல் உலக வர்த்தக ஸ்தாபனத்தின் ஒப்பந்தம் வந்தது. அதன்படி 2005 முதல் மருந்துக்கும் உரிமை கொடுக்க வேண்டியதாயிற்று.

பலன் என்ன? ஈரல், சிறுநீரகப் புற்றுநோய்க்கு ஜெர்மனியின் பேயர் கம்பெனி விற்ற நெக்ஸாவர் என்னும் மருந்து ஒரு மாதத்துக்கு ரூ. 2,80,000-க்கு மேல். நோயாளிகளில் நூற்றுக்கு இரண்டு பேர் சுமாருக்கே அது கிடைத்ததென்று கண்ட காப்புரிமை அதிகாரி, 2012 மார்ச்சில் ஹைதராபாத் நாட்கோ கம்பெனியும் அதைச் செய்யலாமென்று கட்டாய உரிமம் கொடுத்தார். விலை ரூ. 8,880 ஆயிற்று. கூலிக்காரனுக்கு அதுவும் பெருந்தொகைதான். நாட்கோவும் வியாபாரிதான், தர்மப்பிரபு அல்ல. ஆனாலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்!

“கண்டுபிடித்தவன் பட்டினி கிடப்பதா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வியே. உழைத்தவனுக்குக் கூலி கூடாதென்று நாம் சொல்லவில்லை. விற்பனையில் நூற்றுக்கு 6 பங்கு பேயருக்கே கொடுக்கும்படிதான் உத்தரவு; 2013-ல் அது 7 ஆக்கப்பட்டது. இப்படிப்பட்ட உரிமம் கொடுக்க அந்த 1995 ஒப்பந்தமே இடங்கொடுக்கிறது. 2001-ல் தோஹா நகரில் கூடிய எல்லா நாட்டு மந்திரிகளும் அதை உறுதி செய்திருக்கிறார்கள். பிறகு திருட்டு எங்கே வந்தது?

ஆகவே தோழர்களே! மனிதன் செய்த சட்டம் மனிதனுக்குப் பயன்படுகிறதா என்பதே கேள்வி. நாம் சொல்லுகிறோமென்று நம்ப வேண்டாம். லாபம் யாருக்கு, சாவு யாருக்கு என்று உங்கள் அறிவைக்கொண்டே ஆராய்ந்து, சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தள்ளிவிடுங்கள்.