சிப்பிக்குள் இருந்த விதை

ஜப்பான்காரங்க சோற்றைச் சுற்றிச் சாப்பிடுற கடல்பாசிக்குப் பேர் நோரி. அதுக்கு விதை எங்கிருந்து வருதுன்னு 1949 வரை யாருக்கும் தெரியாது. விளைஞ்சா அதிர்ஷ்டம், இல்லாட்டி கடன்.

கண்டுபிடித்தவர் இங்கிலாந்தின் கேத்லீன் ட்ரூ-பேக்கர். 1928-ல் கல்யாணமானதும் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அவர் வேலை போச்சு. கல்யாணமான பெண்ணை வேலைக்கு வைக்கக்கூடாது என்பது அப்போது அங்கே இருந்த விதி. சம்பளமில்லாமலே ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். (நம்ம வீட்டு வேலை மாதிரிதான்!) தன் நாட்டுக் கடலில் கிடைத்த, நோரிக்கு நெருங்கிய உறவான பாசி, ஒரு பருவத்தில் சிப்பி ஓட்டுக்குள் மெல்லிய இழையாக வாழுதுன்னு காட்டினார்.

அதை வைத்து ஜப்பானியர் சிப்பியில் விதை வளர்த்து வலையில் ஏற்றினார்கள். அவர் ஜப்பானைப் பார்த்ததே இல்லை, 1957-ல் இறந்துவிட்டார். 1963-ல் உட்டோ ஊரில் அவருக்கு நினைவுச்சின்னம் வைத்தார்கள். வருஷந்தோறும் ஏப்ரல் 14-ல் அங்கே கூடி, 'கடலின் தாய்' என்று வணங்குகிறார்கள்.