டனீடினை நிறுவியவர் யார்?

நியூசிலாந்தின் தென் தீவிலுள்ள டனீடின் துறைமுக நகரைப் பற்றிய கையேடு எதைப் புரட்டினாலும் 'ஸ்காட்லாந்துக்காரர் நிறுவிய நகரம்' என்ற தொடர் கண்ணில் படும். அதற்குச் சான்றுக்குக் குறைவில்லை. 1848 மார்ச்சிலும் ஏப்ரலிலும் வந்து சேர்ந்த இரண்டு கப்பல்களோடுதான் குடியேற்றம் தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியது ஸ்காட்லாந்தின் சுதந்திரத் திருச்சபை. தலைவர் வில்லியம் கார்கில். போதகர் தாமஸ் பர்ன்ஸ், கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் தம்பி மகன். 'டனீடின்' என்பதே எடின்பரோவின் கேலிக் பெயர். பிரின்சஸ் தெரு, ஜார்ஜ் தெரு, மோரே பிளேஸ் என்று தெருப் பெயர்களும் எடின்பரோவிலிருந்து வந்தவையே. நகர நடுவே எண்கோண வடிவச் சதுக்கத்தில் 1887 முதல் கவிஞர் பர்ன்ஸ் சிலையாக அமர்ந்திருக்கிறார். ஆனால் 'நிறுவுதல்' என்ற சொல்லுக்குப் பெயர் வைப்பதும் திட்டம் வரைவதும் மட்டுமே பொருளாகாது. நிலம், உழைப்பு, பணம் மூன்றும் சேர்ந்தால்தான் நகரம். அம்மூன்றையும் தந்தவர்களை விட்டுவிட்டு எழுதப்படும் வரலாறு குறைபட்டது என்பதே என் வாதம்.

முதலில் நிலம். கப்பல்கள் வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1844 ஜூலை 31 அன்று, மண்ணின் பூர்வகுடிகளான மாவோரியரில் ங்காய் தாகு குலத் தலைவர்களிடமிருந்து சுமார் 4,00,000 ஏக்கர் 2,400 பவுண்டுக்கு வாங்கப்பட்டது. ஏக்கருக்கு ஒன்றரைப் பென்னிக்கும் குறைவு. "விரும்பித்தானே கையெழுத்திட்டார்கள், விலையும் கொடுக்கப்பட்டதே" என்று கேட்பார் உண்டு. கையெழுத்திட்டது உண்மை. ஆனால் விற்ற மக்கள் வாழ்வதற்குப் போதிய நிலத்தை ஒதுக்கிவைக்கும் கடமை அரசுக்கு இருந்தது. அதில் அரசு தவறியது என்று, மாவோரியரின் முறையீடுகளை விசாரிக்கும் வைதாங்கி தீர்ப்பாயம் 1991இல் கூறியது. இன்றைய அளவுகோலால் அன்றைய செயலை அளக்கலாமா என்பது அடுத்த கேள்வி. அளவுகோல் அன்றே இருந்தது. அண்டை நிலப்பரப்பு வாங்கப்பட்ட முறையை எதிர்த்து, ங்காய் தாகு தலைவர் மாத்தியாஹா திராமோரேஹு 1849இலேயே அரசுக்கு எழுதி முறையிட்டார். மன்னிப்பும் 17 கோடி டாலர் இழப்பீடும் சட்டமாக வர 1998 ஆகிவிட்டது.

பணத்தைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. 1861இல் கேப்ரியல் ரீட் உள்நாட்டுப் பள்ளத்தாக்கு ஒன்றில் தங்கம் கண்டார். சிற்றூராக இருந்த டனீடின் சில ஆண்டுகளில் நாட்டின் பெரிய வணிக நகரமானது. ஆஸ்திரேலியச் சுரங்கத்தார் பலர் புதிய இடங்களுக்குக் கிளம்பியபோது, சுரங்கங்களில் ஆள் குறையாமலிருக்க டனீடின் வணிகர் சங்கமே சீனரை வரவழைத்தது. வந்தவர்களுக்கு நாடு காட்டிய நன்றி, 1881இல் தலைக்கு 10 பவுண்டு வரி. 1896இல் அது 100 பவுண்டாயிற்று. அரசு மன்னிப்புக் கேட்டது 2002இல்தான்.

கல்விமேல் ஸ்காட்லாந்தியருக்கு இருந்த பற்றுதானே 1869இல் டனீடினில் நியூசிலாந்தின் முதல் பல்கலைக்கழகத்தைத் தந்தது என்பார்கள். எதிர்வாதங்களில் மிக வலுவானது இதுவே. அந்தப் பற்றை நான் மனமார மதிக்கிறேன்; அதுவன்றி ஒட்டாகோ பல்கலைக்கழகம் இல்லை. ஆனால் அறக்கட்டளைச் சொற்பொழிவுக்குக் கூடியிருக்கும் நாம், அதற்கு வைக்கப்பட்ட அறக்கட்டளை எது என்று கேட்க வேண்டாமா? 1,00,000 ஏக்கர் மேய்ச்சல் நிலம். ஒட்டாகோ மாகாணத்தின் மற்ற நிலங்களைப்போலவே அதுவும் ங்காய் தாகுவிடமிருந்து பெற்றதுதான்.

உழைப்பின் கதை இன்னும் கசப்பானது. 1869இல் வட தீவின் தாரனாக்கியிலிருந்து பாக்காகோஹி குலத்தைச் சேர்ந்த 74 ஆண்கள், தேசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டுக் கைதிகளாக டனீடினுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களைக் கொண்டு சாலை போட்டார்கள். ஊர் திரும்பாமல் 18 பேர் அங்கேயே இறந்தார்கள்.

டனீடினுக்குச் செல்பவர்கள் 1906இல் திறந்த ரயில் நிலையத்தையும் அதன் சின்னஞ்சிறு ஓட்டுத் துண்டுகளால் பாவிய தரையையும் பார்க்கட்டும். தையரோவா முனையில் கூடு கட்டும் ராயல் அல்பட்ராஸ் பறவைகளையும் பார்க்கட்டும். ஆனால் அம்முனைக்குப் போகும் வழியில், எடின்பரோவின் கடற்கரைப் பகுதியொன்றின் பெயரைத் தாங்கிய போர்ட்டோபெல்லோ சாலையோரம், அக்கைதிகளின் நினைவாக ஒரு கல் நிற்கிறது. 'ரொங்கோ' என்பது அதன் பெயர். அங்கேயும் சற்று வண்டியை நிறுத்துங்கள்.